கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள எவ்வளவு தரலாம்? ஒரு ரேட்டின் வரலாறு

தலைப்பைப் பார்த்து "என்னடா இது, கொட்டேஷன் மாதிரி இருக்கே" என்று ஓடிவிட வேண்டாம். இது வரலாற்றுக் கட்டுரைதான். மன்னர்கள் வர மாட்டார்கள், அவ்வளவுதான். கொஞ்சம் நீளம். டீ இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அப்பா ஈரோட்டில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ். மொத்தம் மூன்று கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர். இரண்டு மெஷினில் டிசைன் வேலை, ஒன்றில் டேலி. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனிக்கு வருஷம் 9,000 ரூபாய் ஏ.எம்.சி. கட்டிக்கொண்டிருந்தார். போன ஆவணி முகூர்த்த சீசனில், சரியாக வேலை தலைக்கு மேல் இருக்கும்போது, டிசைன் மெஷினின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

போன் போட்டதும் அன்றைக்கே ஒரு பையன் வந்தான். குறை சொல்ல முடியாது. திறந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "ணா, நீங்க போட்டிருக்கிறது நான்-காம்ப்ரிஹென்ஸிவ்ங்க. வந்து பாக்கறது மட்டுந்தான் இதுல வரும். பார்ட்ஸ் தனி. உள்ள இருக்கற டேட்டாவுக்கு நாங்க பொறுப்பு இல்லைங்ணா, பேப்பர்லயே போட்டிருக்கு." போட்டுத்தான் இருந்தது. பின்பக்கம், எறும்பு சைஸ் எழுத்தில். அச்சகக்காரரே படிக்காமல் கையெழுத்துப் போட்ட எழுத்து!

டேட்டாவை மீட்க வேறொரு இடத்தில் 14,000 ரூபாய் ஆனது. அதிலும் பாதிதான் கிடைத்தது. மீதிப் பத்திரிகைகளை இரண்டு ராத்திரி உட்கார்ந்து மறுபடி டைப் செய்தார்கள். ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர் விட்டுப்போய், அது தனி ரகளை.

எல்லாம் முடிந்தபிறகு அப்பா என்னிடம் கேட்டார்: "நீ காலேஜ்ல இதத்தான கண்ணு படிக்கற? இதுக்கெல்லாம் நியாயமான ரேட்டு எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு."

நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சிலபஸில் இந்தக் கேள்வி கிடையாது. தேடிப் பார்த்தேன். ஒருவர் மணிக்கு இவ்வளவு என்கிறார். ஒருவர் மெஷினுக்கு இவ்வளவு என்கிறார். இன்னொருவர் மெஷின் விலையில் இத்தனை சதவீதம் என்கிறார். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆளுக்கு மாதம் இத்தனை டாலர் என்கின்றன. அப்புறம்தான் புரிந்தது. இவை ஒரே சாமானுக்கு நாலு விலை இல்லை. நாலு வேறு வேறு காலத்தில் பிறந்த நாலு வேறு எண்ணும் முறைகள். எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து, மெஷின் படுத்துக்கொள்ளும் நாளில் நஷ்டம் யார் தலையில் விழும் என்பது மாறுகிறது. அப்பாவின் 14,000 ரூபாய்க்கு ஒரு பரம்பரையே இருக்கிறது என்று வையுங்களேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஐஸ்கிரீம் கடைக்கு மேலே ஒரு ரூம்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பேட்டர்சன் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் பட்டு ஆலைகளுக்குப் பெயர் போனது. (ஜவுளி ஊர்க்காரன் என்பதால் எனக்கு உடனே பிடித்துவிட்டது.) அங்கே 1949-ல் ஹென்றி டௌப் என்ற கணக்காளர் ஒரு ஐஸ்கிரீம் கடையின் மாடியில் 'ஆட்டோமேட்டிக் பேரோல்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுபவர் உடம்பு சரியில்லாமல் படுத்துவிட, தொழிலாளர்களுக்குச் சம்பளம் தாமதமாகி ஒரே புகைச்சல் ஆகிவிட்டதாம். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். பெயரில்தான் 'ஆட்டோமேட்டிக்'. வேலை எல்லாம் கையாலும் கணக்கு மெஷின்களாலும்தான் நடந்தது. கம்ப்யூட்டர் அந்த மாடிப்படி ஏறுவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

தம்பி ஜோ கூடச் சேர்ந்தார். 1952-ல் பிராங்க் லாட்டன்பர்க் என்பவர் விற்பனைக்கு வந்தார். இவர்தான் பிற்பாடு நியூ ஜெர்சியின் செனட்டராக அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனவர். சம்பளக் கணக்கை வெளியே கொடுங்கள் என்று கடை கடையாக ஏறி இறங்கிய ஆள்!

1957-ல் கம்பெனியின் பெயர் 'ஆட்டோமேட்டிக் டேட்டா பிராசஸிங்' ஆனது. இன்று உலகம் முழுக்க ஏடிபி என்று அறியப்படும் நிறுவனம் இதுதான். 1961-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 300 வாடிக்கையாளர்கள், 125 ஊழியர்கள், வருமானம் சுமார் 4 லட்சம் டாலர்.

இங்கே கால்குலேட்டரை எடுங்கள். 4 லட்சத்தை 300-ஆல் வகுத்தால் ஒரு வாடிக்கையாளருக்கு வருஷம் சுமார் 1,333 டாலர், மாதம் 111 டாலர். இது வெறும் சராசரிதான். பெரிய ஆலை அதிகம் கொடுத்திருக்கும், சின்னக் கடை குறைவாகக் கொடுத்திருக்கும். ஆனாலும் அளவு தெரிகிறது அல்லவா? ஐபிஎம் 1401 என்ற கம்ப்யூட்டர் 1959 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது அதன் வாடகை மாதம் 2,500 டாலரில் தொடங்கியது. அதுவே "மலிவு" என்று கொண்டாடப்பட்ட மெஷின். அதன் ஒரு மாத வாடகையில் ஏடிபியிடம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் சம்பளக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதை ஓட்ட ஆள் வேண்டும், கார்டு துளைக்க ஆள் வேண்டும், ஏ.சி. வேண்டும். அதெல்லாம் தனி.

இந்த மாதிரி நிறுவனங்களை 'சர்வீஸ் பீரோ' என்றார்கள். ஐபிஎம்மே இப்படி பீரோக்களை நடத்தியது. 1956-ல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி, அவற்றை 'சர்வீஸ் பீரோ கார்ப்பரேஷன்' என்று தனிக் கம்பெனியாகப் பிரிக்க வேண்டி வந்தது.

இந்த ஏற்பாட்டில் சின்ன முதலாளி எதற்குக் காசு கொடுத்தார் என்று பாருங்கள். முடிந்த வேலைக்கு. அந்த வாரச் சம்பளக் கணக்கு கைக்கு வந்தால் காசு. மெஷின் கெட்டுப்போனதா, ஆள் வரவில்லையா, கார்டு கிழிந்ததா என்பதெல்லாம் பீரோக்காரனின் தலைவலி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நாமளும் அப்படித்தான கண்ணு? பத்திரிகை அடிச்சுக் குடுத்தாத்தான் காசு. மெஷின் நின்னுருச்சுன்னு கஸ்டமர்கிட்ட பில் போட முடியுமா?" என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார்.

பேரோவின் ஐந்து வருஷக் கணக்கு

அடுத்தவர் ராஸ் பேரோ. பின்னாளில் 1992-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்றாரே, அவரேதான். ஐபிஎம்மில் விற்பனையாளராக இருந்தவர். 1962 ஜூன் 27, தன் 32-வது பிறந்தநாளில், 1,000 டாலர் முதலோடு டல்லாஸில் 'எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ்' என்ற இடிஎஸ் கம்பெனியைத் தொடங்கினார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஐபிஎம் 7070 சும்மா கிடக்கும் நேரத்தை மொத்தமாக வாங்கி, தேவைப்பட்டவர்களுக்குச் சில்லறையில் விற்றார். கல்யாண மண்டபத்தை ஆடி மாசம் வாடகைக்கு எடுத்து டியூஷன் நடத்துவது மாதிரி.

ஆனால் நம் கதைக்கு முக்கியம் அவர் அதன் பிறகு செய்தது. மற்றவர்கள் இரண்டு மூன்று மாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, இவர் ஐந்து வருஷத்துக்கு ஒரே விலை என்று பேசினார். உங்கள் கம்ப்யூட்டர் பிரிவை நான் எடுத்து நடத்துகிறேன், செலவு கூடினால் என் பாடு, குறைந்தால் என் லாபம். சிப்ஸ் விற்கும் பிரிட்டோ-லே நிறுவனம் 1963-ல் இப்படிச் சேர்ந்தது. முதல் வருஷங்களில் இடிஎஸ்ஸின் கை கடிக்கும், பழகப் பழகச் செலவு குறையும், கடைசி வருஷங்களில் லாபம் கொட்டும். இதுதான் சூத்திரம். ஐந்து வருஷத்தில் பேரோவின் ஆட்களுக்குச் சோம்பேறித்தனத்தால் ஒரு பைசா லாபம் கிடையாது. சீக்கிரம் சரிசெய்தால்தான் காசு.

சின்னக் கடைகளுக்கு இது எட்டாத உயரம் என்பது உண்மை. இடிஎஸ் பேசியது பெரிய கம்பெனிகளோடுதான். ஆனால் இன்றைக்கு மாதாந்திரக் கட்டணம் வாங்கும் ஒவ்வொரு சப்போர்ட் கம்பெனியும், தெரிந்தோ தெரியாமலோ, பேரோவின் பேரப்பிள்ளைதான்.

'இலவசம்' முடிந்த நாள்

அந்தக் காலத்தில் ஐபிஎம் மெஷினை வாடகைக்கு எடுத்தால் கூடவே எல்லாம் வரும். கோட்டும் டையும் போட்ட பொறியாளர் வந்து உட்கார்ந்து உதவி செய்வார், உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பார், புரோகிராமும் கிடைக்கும். தனி பில் கிடையாது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் இலவசம் மாதிரி தெரிந்தது. அது எல்லாம் வாடகைக்குள்ளேயே இருந்தது என்பதுதான் நிஜம்.

1968 டிசம்பரில் கன்ட்ரோல் டேட்டா என்ற போட்டிக் கம்பெனி ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசே ஏகபோக வழக்குத் தொடுத்தது. அந்த வருஷம் ஜூன் 23-ம் தேதி ஐபிஎம் ஓர் அறிவிப்பு செய்தது. இனி பொறியாளரின் உதவிக்குத் தனிக் கட்டணம், பயிற்சிக்குத் தனிக் கட்டணம், புதிய புரோகிராம்களில் பலவற்றுக்குத் தனிக் கட்டணம். அதற்கு ஈடாக மெஷின் விலையை எவ்வளவு குறைத்தார்கள் தெரியுமா? 3 சதவீதம்!

வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். நியாயம்தானே. இட்லியோடு சாம்பார் சட்னி சும்மா கொடுத்துவந்த ஓட்டலில், இனி சாம்பாருக்குத் தனி பில், இட்லியில் மட்டும் 30 பைசா குறைக்கிறோம் என்றால் எப்படி இருக்கும்?

ஆனால் இந்த அறிவிப்பைச் சாஃப்ட்வேர் தொழிலின் பிறந்தநாள் என்றே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கம்ப்யூட்டர் உலகின் மிகப் பெரிய கம்பெனி "ஆளின் நேரத்துக்கு" என்று தனியாக ஒரு விலைச் சீட்டை அன்றுதான் ஒட்டியது. விலை தெரிந்தால்தான் வெளியே இருப்பவன் "நான் குறைத்துத் தருகிறேன்" என்று வர முடியும். முன்பு சொன்ன 1956 உடன்பாட்டில் இன்னொரு ஷரத்தும் இருந்தது. தன் மெஷின்களைப் பழுது பார்க்கும் வெளியாட்களுக்கும் நியாயமான விலையில் ஐபிஎம் உதிரிபாகம் விற்க வேண்டும். வெளி மெக்கானிக் என்ற தொழில் நிலைத்து நிற்க இப்படி இரண்டு பக்கமும் கதவு திறந்தது. எங்கள் அச்சகத்துக்கு வந்த பையனுக்கும் அந்தக் கதவுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

பராமரிப்புக்கென்றே ஓர் அரசு நிறுவனம்

இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது. இங்கே ஐபிஎம் 1401 மெஷின்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் கழித்துக்கட்டிய பழைய மெஷின்களைப் புதுப்பித்து நம் தலையில் கட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே பலமாக இருந்தது. 1973-ன் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டுக் கம்பெனி தன் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்தபோது இழுபறி முற்றியது. ஐபிஎம் சம்மதிக்கவில்லை. 1978-ல் கிளம்பிவிட்டது.

மெஷின்கள் மட்டும் இங்கேயே நின்றன. பார்த்துக்கொள்வது யார்? அதற்காகவே அரசு 1975-ல் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து வைத்திருந்தது. பெயர் கம்ப்யூட்டர் மெயின்டெனன்ஸ் கார்ப்பரேஷன். சுருக்கமாக சிஎம்சி. பெயரைக் கவனியுங்கள். தயாரிப்பு இல்லை, விற்பனை இல்லை, 'பராமரிப்பு'! ஐபிஎம் விட்டுப்போன மெஷின்களின் பராமரிப்பு 1978-ல் சிஎம்சி கைக்கு வந்தது. (ரயில்வே முன்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் இவர்கள்தான். 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) 2001-ல் சிஎம்சி டாடா குழுமத்துக்குப் போய், 2015-ல் டிசிஎஸ்ஸோடு கலந்துவிட்டது.

சரி, ஏ.எம்.சி.க்கு வருவோம். வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். மெஷின் விலையில் இத்தனை சதவீதம் என்று வருஷா வருஷம் கட்டுவது. கம்ப்யூட்டர் விலை லட்சங்களில் இருந்தவரை இந்தக் கணக்கு ஜோராக வேலை செய்தது. 5 லட்ச ரூபாய் மெஷினில் 10 சதவீதம் என்றால் 50,000. அந்தக் காசில் நல்ல பொறியாளரை அனுப்பலாம், ஸ்பேர் போர்டு வாங்கி வைக்கலாம், அப்புறமும் லாபம் நிற்கும்.

பிறகு பிசி வந்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி, அடிப்படை விலை 1,565 டாலர். அதைப் பார்த்து ஊரெல்லாம் நகல்கள். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கெடுபிடியைத் தளர்த்தியது. பிறகு சென்னை ரிச்சி தெருவில் போர்டு ஒரு கடை, கேபினட் ஒரு கடை என்று வாங்கி மாட்டிக்கொள்ளும் காலம் வந்தது. மெஷின் விலை சரிந்துகொண்டே போனது.

இங்கேதான் சிக்கல். 30,000 ரூபாய் மெஷினில் 10 சதவீதம் 3,000 ரூபாய். பையனின் சம்பளம் சரியுமா? பெட்ரோல் சரியுமா? மெஷின் மலிவாக ஆக ஆக, சதவீதக் கணக்கில் வரும் காசு கரைந்தது. ஆளின் மணி நேரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஏ.எம்.சி. கம்பெனிகள் என்ன செய்யும்? ரேட்டை ஏற்றினால் கடைக்காரர் "இதுக்குப் புது மெஷினே வாங்கிக்கறேன்" என்பார். அதனால் ரேட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே இருப்பதைக் குறைத்தார்கள். உதிரிபாகம் போனது. பிரிண்டர் ரோலர் போனது. டேட்டா என்றைக்குமே உள்ளே இல்லை. இப்படி மெலிந்து நின்றதுதான் நான்-காம்ப்ரிஹென்ஸிவ். அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம்.

இதை யாரோ ஏமாற்றினார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோபம் வரவில்லையா என்றால் வந்தது. அந்த எறும்பு எழுத்தின் மேல் இன்றும் கோபம்தான்.

ஆளுக்கு இவ்வளவு

அமெரிக்காவில் சின்னக் கம்பெனிகள் ஏ.எம்.சி. பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. கெட்டால் கூப்பிடு, மணிக்கு இவ்வளவு. 1994-ல் ராபர்ட் ஸ்டீபன்ஸ் என்ற மாணவர் மினியாபொலிஸில் 200 டாலரோடு தொடங்கிய 'கீக் ஸ்குவாட்' இந்த ரகத்தில் புகழ் பெற்றது. முதலில் சைக்கிளில் போய்த்தான் பழுது பார்த்தாராம். 2002-ல் பெஸ்ட் பை என்ற பெரிய கடைத் தொடர் அதை வாங்கிக்கொண்டது.

மணிக்கணக்குக் கூலியில் ஒரு கோணல் உண்டு. உங்கள் மெஷின் எவ்வளவு அடிக்கடி கெடுகிறதோ, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவுக்கு அவனுக்கு வருமானம். நல்லவனாக இருந்தாலும் கணக்கு அப்படித்தான் நிற்கிறது. சர்வீஸ் பீரோவுக்கு நேர் எதிர்.

இதை மாற்றியது இன்டர்நெட். 2000 வாக்கில் தூரத்திலிருந்தே மெஷின்களைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர்கள் சந்தைக்கு வரத் தொடங்கின. டிஸ்க் நிரம்புகிறதா, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா, அப்டேட் ஏறியதா என்று ஓர் ஆள் ஒரே திரையில் நூற்றுக்கணக்கான மெஷின்களைப் பார்க்கலாம். 2005-ல் ஜெர்மனியில் டீம்வியூவர் தொடங்கியது. அதன் தம்பி மாதிரி பிறகு எனிடெஸ்க். (நம் ஊர் டேலிக்காரர் "சார், அந்த ஒன்பது நம்பரைச் சொல்லுங்க" என்பாரே, அதுதான்.) பயணம் மிச்சம், பெட்ரோல் மிச்சம். அதனால் மாதச் சந்தா சாத்தியமானது. மேனேஜ்டு சர்வீஸ் என்று பெயர். கெட்டாலும் கெடாவிட்டாலும் மாதம் இவ்வளவு. கெடாமல் இருந்தால் அவனுக்கு லாபம். பேரோவின் சூத்திரம் கடைசியில் பல் டாக்டர் கிளினிக் வரை இறங்கி வந்தது!

முதலில் மெஷினுக்கு இவ்வளவு என்று எண்ணினார்கள். பிறகு ஒரே ஆளிடம் லேப்டாப், போன், டேப்லெட் என்று மூன்று சேர்ந்துகொள்ள, ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். இன்று அமெரிக்காவில் சின்னக் கம்பெனிகளுக்குச் சொல்லப்படும் விலை பெரும்பாலும் ஆளுக்கு மாதம் 100 முதல் 200 டாலருக்குள். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு மாதம் 1,000 முதல் 2,000 டாலர். நம் ரூபாயில் பெருக்கிப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அங்கே ஒரு டெக்னீசியனின் சம்பளமும் அந்த ஊர்க் கணக்குதான்.

இந்த மாதச் சந்தாவிலும் பள்ளம் உண்டு. 2021 ஜூலை 2, அமெரிக்க சுதந்திர தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கசேயா என்ற கம்பெனியின் கண்காணிப்பு சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக ஆர்ஈவில் என்ற கும்பல் புகுந்தது. நேரடியாக அடிபட்ட கசேயா வாடிக்கையாளர்கள் 60-க்கும் குறைவு. ஆனால் அவர்களில் பலர் மற்றவர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட் கம்பெனிகள். அவர்கள் வழியாக 1,500 வரையிலான தொழில்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன. ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடரின் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவை பில் போட முடியாமல் மூடிக் கிடந்தன. கூப் கசேயாவின் வாடிக்கையாளரே இல்லை. அவர்களின் பில்லிங் மெஷினைப் பார்த்துக்கொண்ட கம்பெனிதான் அதைப் பயன்படுத்தியது. கும்பல் கேட்ட தொகை 7 கோடி டாலர். எல்லா வீட்டுச் சாவியும் ஒரே வாட்ச்மேனிடம் இருந்தால் திருடனுக்கு வாட்ச்மேன் ஒருவன் போதும்.

மறுபடி ஈரோடு

இவ்வளவையும் படித்துவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். ஒரு டெக்னீசியனுக்கு மாதம் 20,000 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், போன், ஆபீஸ் வாடகை, முதலாளியின் லாபம் எல்லாம் சேர்த்து இரட்டிப்பு, 40,000. மாதம் 25 நாள், நாளைக்கு நாலு இடம், மொத்தம் 100 விசிட். ஒரு விசிட்டுக்கு 400 ரூபாய் அடக்கம். எங்கள் அச்சகத்துக்கு அந்த வருஷம் 19 தடவை வந்திருக்கிறார்கள், அப்பாவின் டைரியில் இருக்கிறது. 19 பெருக்கல் 400, 7,600.

ஆக, 9,000 ரூபாயில் அந்தக் கம்பெனி கொள்ளையடிக்கவில்லை. வந்துபோன காசுக்கு வந்துபோனார்கள். பேக்கப்புக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை, அவ்வளவுதான். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது அச்சகம் ஓடும் நாட்களை. அவர்கள் எண்ணியது விசிட்டை.

இன்னொரு செலவும் தலைநீட்டியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கம்பெனிகள் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் வாங்க முதல் வருஷம் மெஷினுக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று வருஷம் என்று மைக்ரோசாஃப்ட் விலை வைத்தது. எங்கள் மூன்றில் இரண்டு மெஷின் விண்டோஸ் 11 தாங்காது. அதில் ஒன்றை நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ப்ரூஃப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது என்றும், டேலி மெஷினைப் புதிதாக வாங்குவது என்றும் முடிவானது.

புதுப்பிக்கும் நேரம் வந்தபோது அதே பையன்தான் காகிதத்தோடு வந்தான். அப்பா பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி போட்டு, முழுதாகப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து அடியில் இரண்டு வரி சேர்த்தார். வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் பேக்கப். மாதம் ஒருமுறை அந்த டிஸ்க்கிலிருந்து ஃபைலைத் திறந்து காட்ட வேண்டும்.

பையன் தலையைச் சொறிந்தான். "இதுக்குத் தனி ரேட்டு ஆகுமுங்ணா."

"எவ்வளவு ஆகும், சொல்லுங்க தம்பி."

முதலாளிக்குப் போன் போட்டுப் பேசினான். 16,000 என்றார்கள். 15,000-க்கு முடிந்தது. டிஸ்க் எங்கள் செலவு.

முதல் மாதம் திறந்து காட்டியபோது இரண்டு ஃபோல்டர் பேக்கப்பில் ஏறவே இல்லை. பெயரில் தமிழ் எழுத்து இருந்ததால் அந்த சாஃப்ட்வேர் தாண்டிப் போய்விட்டதாம். பையன் அங்கேயே உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் போனான்.